தண்ணீர் மணி அடித்தும் குடிக்காத பிள்ளைகள்

பள்ளிக்கூடங்களில் தண்ணீர் குடிப்பதற்கென்றே ஒரு மணி அடிக்கும் பழக்கம் வந்திருக்கிறது. 2019இல் கேரளத்தில் பரவலாகப் பேசப்பட்ட யோசனை, பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. படிப்பிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள், மணி அடித்தால் நினைவு வரும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர் ஒன்றில், நடுநிலைப் பள்ளியின் தாழ்வாரத்தில் நின்றபடி அந்த மணியைக் கேட்டேன். ஏழாம் வகுப்புப் பையன்கள் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார்கள். பெண் பிள்ளைகளும் பாட்டிலைத் தூக்கினார்கள், உதட்டை நனைத்தார்கள், மூடி வைத்தார்கள். ஒருத்தி மட்டும் வாய் நிறைய எடுத்துக் கன்னம் உப்ப வைத்திருந்து, டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் சன்னல் வழியே வேப்பமரத்தடியில் துப்பினாள். அதைப் பார்த்த பக்கத்துப் பிள்ளை சிரிக்கவில்லை. இது அங்கே வழக்கம் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

அந்த ஊரில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். துப்பிய பிள்ளையும் அதற்கு வருவாள். தனியாக இருக்கும்போது கேட்டேன். "தண்ணி குடிச்சா போகணும்ல அக்கா" என்றாள். மேற்கொண்டு விளக்க அவளுக்கு ஒன்றுமில்லை. பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு இது கைமாறி வந்திருக்கிறது. காலையில் வீட்டில் போய்விட்டு வா, பள்ளிக்கூடத்தில் வாயைக் கட்டு, நாலு மணிக்கு ஓடு. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவதைப் பார்த்து விளையாட்டு ஆசை என்று நினைக்கிறோம். பாதிப் பேர் கழிவறைக்கு ஓடுகிறார்கள். வீட்டில் கழிவறை இல்லாத பிள்ளைக்கு அதுவும் கிடையாது. இருட்டும்வரை பொறுத்திருந்து, அம்மாவோ பெரியம்மாவோ கூட வந்தால் சீமைக்கருவேலங்காட்டுப் பக்கம் போக வேண்டும்.

நாள் முழுக்க அடக்கி வைப்பது உடம்பை என்ன செய்யும் என்பது எந்த அம்மாவுக்கும் தெரியும். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல், மறுபடி நீர்க்கடுப்பு. இதைவிடக் கண்ணில் படாத ஒன்று மலச்சிக்கல். குடல் இறுகி நிறைந்தால் சிறுநீர்ப்பையை நெருக்கும். அதனால்தான் சில பிள்ளைகள் வகுப்பிலேயே பாவாடையை நனைத்துவிடுகிறார்கள். இரண்டாம் வகுப்பில் அப்படி நனைத்த ஒரு பிள்ளைக்கு மற்ற பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ஐந்தாம் வகுப்பிலும் மாறவில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதில் இதோடு மாதவிலக்கும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் அறிவிக்கப்பட்ட புது யுகம் திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், அதாவது 18 நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. நாடே திரும்பிப் பார்த்த திட்டம் அது. ஆனால் கையில் நாப்கின் இருந்தால் போதுமா? மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும், பழையதைப் போட ஒரு மூடிய தொட்டி வேண்டும். மூன்றும் இல்லாத இடத்தில் அந்த நாட்களில் லீவு போடுவதுதான் பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கும் வழி. வருகைப் பதிவேட்டில் அதற்கு "உடல்நிலை சரியில்லை" என்று காரணம் எழுதப்படுகிறது.

கணக்கில் இருக்கும் கழிவறை

இதில் பெரிய சிக்கல், அந்தப் பள்ளியில் கழிவறை இருக்கிறது என்பதுதான். பெண் பிள்ளைகள் பக்கத்தில் மூன்று கதவுகள். வெளிச்சுவரில் கை கழுவும் படம், நீல வண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட அளவுகளின்படி 25 பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை வேண்டும். இங்கே பெண் பிள்ளைகள் ஏறத்தாழ நாற்பது பேர். கணக்குப்படி பள்ளி தேறிவிடுகிறது. பள்ளிகளின் வசதிகளைக் கணக்கெடுக்க ஆண்டுதோறும் நிரப்பும் யுடைஸ் படிவத்திலும் தேறிவிடுகிறது.

கதவைத் திறந்து பார்த்தால்தான் கதை வேறு. ஒன்றில் உடைந்த பெஞ்சும் சுண்ணாம்பு மூட்டையும் அடைந்து கிடக்கின்றன. இன்னொன்றின் தாழ்ப்பாள் பிய்ந்துபோய், உள்ளே போகிறவளுக்கு வெளியே ஒரு தோழி காவல் நிற்க வேண்டும். தோழி அன்றைக்கு லீவு என்றால் இவளும் போக மாட்டாள். மூன்றாவதில் கோப்பை நிறைந்து கிடக்கிறது. மேலே ஐந்நூறு லிட்டர் சின்டெக்ஸ் டேங்க். அதிலிருந்து உள்ளே வரும் பிளாஸ்டிக் குழாய் வெயிலில் வெடித்து, வெளியே ஒரு பைப்பு மட்டும்தான் மிச்சம். அங்கிருந்து பிடி ஒடிந்த வாளியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு தூக்கும்? அரை வாளி. அரை வாளி ஊற்றினால் மலம் வளைகுழாயைத் தாண்டாது, அங்கேயே நிற்கும். அடுத்து வருகிறவள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள், அல்லது தரையில் இருந்துவிட்டுப் போவாள். தரை டைல்ஸ் போடாத சொரசொரப்பான சிமென்ட். சிறுநீர் அதில் ஊறி இறங்கிவிட்டால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது. நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு முறை, முறைக்கு நாலு லிட்டர் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 320 லிட்டர் வேண்டும். அதே டேங்கில்தான் மதியம் எல்லாப் பிள்ளைகளும் தட்டுக் கழுவ வேண்டும். காலையில் ஊராட்சி மோட்டார் ஓடும் நேரத்தில் நிரம்பும் தண்ணீர், மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்பே அடியில் வண்டலாகிவிடுகிறது.

இது ஏதோ ஒரு பள்ளியின் அலட்சியம் என்றால் அங்கேயே பேசித் தீர்த்திருக்கலாம். 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிவறை வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறையைக் கட்டாயமாக்கியிருந்தது. 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் ஓராண்டுக்குள் எல்லாப் பள்ளிக்கும் கழிவறை என்று அறிவித்தார். ஓராண்டில் 4,17,796 கழிவறைகள் கட்டி முடித்துவிட்டதாக அரசு சொன்னது. அதில் ஒரு பங்கைக் கட்டிக்கொடுத்தவை மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள். அவை கட்டியவற்றில் சிலவற்றை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பார்த்த 2,326 கழிவறைகளில் 1,679இல் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை. 691 பயன்பாட்டிலேயே இல்லை. 715 கழுவப்படுவதே இல்லை. இன்னொரு 1,097 வாரத்துக்கு இரண்டு முறையோ மாதத்துக்கு ஒரு முறையோதான் கழுவப்படுகின்றன. மாதத்துக்கு ஒரு முறை கழுவும் கழிவறைக்குள் நீங்களோ நானோ காலை வைப்போமா?

"அரிசி இல்லாமச் சோறாக்கச் சொல்வாகளா?"

பள்ளியைக் கழுவ வருகிற அக்கா பக்கத்து ஊர்க்காரர். நூறு நாள் வேலை இருந்தால் அதற்கும் போவார். காலை எட்டு மணிக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன் வந்து கழுவிவிட்டுப் போய்விடுவார் என்பதால் பிள்ளைகளில் பலருக்கு அவர் முகமே தெரியாது. ஊரில் எல்லோருக்கும் அவர்மேல்தான் கோபம். "ஒழுங்காக் கழுவுறதில்ல, சம்பளம் மட்டும் வாங்கிக்கிது" என்று தாய்மார்கள் சொல்வார்கள். அவர் தரப்பையும் கேட்போமே என்று ஒரு காலை அவர் வரும் நேரத்துக்குப் போனேன்.

அவர் கழுவும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் பைப்பைத் திறந்தார். காற்று சீறிவிட்டு நின்றது. அன்றைக்கு இன்னும் மோட்டார் போடவில்லை. அடிகுழாய்க்குப் போய் இரண்டு குடம் அடித்துக் கொண்டுவந்தார். முந்தின நாள் சிறுநீர் ஊறிய தரையில் அதைச் சிக்கனமாகத் தெளித்து, மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவினார். அடுத்த நொடி அவருக்கும் எனக்கும் கண் எரிந்தது, தொண்டை கமறியது. தண்ணீர் விட்டு அலசாமல் சிறுநீரின்மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் கிளம்பும் ஆவி அது. கையுறை கிடையாது, முகத்துக்குச் சேலைத் தலைப்பு. தென்னந்துடைப்பம் பாதி தேய்ந்து கையளவுதான் மிச்சம். ஒரு பாட்டில் பினாயிலில் தண்ணீர் கலந்து மாதம் பூராவும் ஓட்ட வேண்டும். சம்பளம் ஆயிரத்து ஐந்நூறு, அது வந்து நாலு மாதமாகிறது என்றார்.

ஊரார் சொல்வதை நாசூக்காக எடுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "சத்துணவு ஆயாவுக்குத் தெனமும் அரிசி அளந்து குடுக்காக, பருப்பு அளந்து குடுக்காக, முட்டைய எண்ணிக் குடுக்காக. எனக்கு யாரும்மா தண்ணி அளந்து குடுக்கா? அரிசி இல்லாமச் சோறாக்கச் சொல்வாகளா? தண்ணி இல்லாம என்னையக் கழுவச் சொல்றாக."

இதைக் கேட்ட பிறகு அதுவரை என் மனதில் ஓடிக்கொண்டிருந்த கேள்வியே மாறிவிட்டது. நல்ல கழிவறை கட்டித்தர யாரைப் பிடிக்கலாம், எந்த நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம் என்றுதான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா காட்டியது அதே வளாகத்தில், இருபது தப்படி தள்ளி இருந்த சத்துணவுக் கூடத்தை. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட அந்தத் திட்டத்தை யாரும் வெறும் கட்டடமாகப் பார்ப்பதில்லை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு கிராம் என்று அளவு இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று அன்றன்றைக்குக் கணக்கு இருக்கிறது. ஒருநாள் உலை வைக்கவில்லையென்றால் மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதும் இதே ஒழுங்கோடுதான் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு நாளும் ஒரு வேலையைத் தவறாமல் நடத்துவது எப்படி என்று தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிவறையை மட்டும் அந்த வரிசையில் சேர்க்காமல், கட்டி முடித்துப் படம் பிடித்து ஃபைலை மூடுகிற வேலையாக வைத்திருக்கிறோம்.

பணத்தைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று வரும். 31 முதல் 100 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. 2,500 ரூபாய். மாதத்துக்கு 208 ரூபாய் சொச்சம். சோப்பு, பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், வாளி, குவளை, தாழ்ப்பாள், வெடித்த குழாய் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தலைமையாசிரியர் மனது வைத்துக் கூடுதலாக எடுத்தால் சாக்பீஸிலும் மின்கட்டணத்திலும் இடிக்கும். பல ஆசிரியர்கள் சொந்தக் காசில் வாளி வாங்கிப் போடுகிறார்கள், அதையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாற்றலாகிப் போகும்போது வாளியும் போய்விடுகிறது.

கட்டினால் மட்டும் போதாது என்பதற்கு அப்பால், கழுவாத கழிவறை தீங்கே செய்யும் என்பதும் உண்மை. மேற்குக் கென்யாவில் பள்ளிகளில் நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகக் கழிவறை கட்டிக்கொடுத்த பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் கைகளில் மலக் கிருமி கூடியிருந்தது. அதற்கு முன் போகாமல் இருந்தவர்கள் போகத் தொடங்கி, போனபின் கைகழுவவும் துடைக்கவும் போதிய வழியில்லாதது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கையோடு வந்துதான் மதியச் சோற்றைப் பிசைகிறார்கள். பள்ளியிலேயே குடற்புழு மாத்திரை கொடுக்கிறோம், அதே பள்ளியில் சோப்பு இல்லை. இன்னொரு பக்கம், அஞ்சலி அடுகியா என்ற பொருளியலாளர் 2003 வாக்கில் இந்தியப் பள்ளிகளில் கட்டிய கழிவறைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவையும் சொல்ல வேண்டும். கழிவறை வந்த பள்ளிகளில் சேர்க்கை கூடியது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆண், பெண் இருவருக்கும் பொதுவான கழிவறையே உதவியது. வயதுக்கு வந்த பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை இருந்தால்தான் பலன். ஆக, கட்டிய காசு வீணில்லை. கட்டியதைத் தினமும் கழுவ வேண்டும், அவ்வளவே நான் சொல்ல வருவது.

யார் கழுவுவது

இந்த இடத்துக்கு வந்தால் கூட்டத்தில் யாராவது ஒருவர், ஜப்பானில் பிள்ளைகளே பள்ளியைச் சுத்தம் செய்கிறார்களே, நம் பிள்ளைகள் செய்தால் என்ன என்று கேட்பார். எனக்கு இந்த யோசனை அறவே ஒப்பவில்லை. தன் வகுப்பறையைக் கூட்டுவது வேறு, கழிவறை கழுவுவது வேறு. நம் ஊரில் முறை வைத்தாலும் அந்த முறை யார் தலையில் விடியும் என்று எல்லோருக்கும் தெரியும். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்ததாக வழக்குப் பதிவாகித் தலைமையாசிரியை கைதானார். ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்து, அவன் அம்மா துருவிக் கேட்டதால் அது வெளியே வந்தது. கேட்காத அம்மாக்களின் ஊர்களில் என்ன நடக்கிறதோ என்று எண்ணினால் நெஞ்சு பதைக்கிறது. பிள்ளைகளின் கையில் துடைப்பத்தைக் கொடுக்கக் கூடாது. பெரியவர் ஒருவருக்கு உரிய சம்பளம், கையுறை, பூட்ஸ், நீண்ட கைப்பிடித் துடைப்பம், மாதம் பிறந்தால் கையில் பணம் என்று கொடுத்து அதை மரியாதையான வேலையாக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு சாதியில் மட்டும் ஆள் தேடும் பழக்கமும் அதோடு ஒழிய வேண்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பல பள்ளிகளில் சாய்தளமும் கைப்பிடியும் வைத்த தனிக் கழிவறை ஒன்று இருக்கும். இருப்பதில் அதுதான் புதியது, அதனாலேயே பூட்டிக் கிடக்கும். சாவி ஆசிரியர் அறையில். நடக்க முடியாத பிள்ளை ஒவ்வொரு முறையும் ஆளனுப்பிச் சாவி கேட்டுப் போக வேண்டும் என்றால் அந்தப் பிள்ளையும் தண்ணீர் குடிக்காது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனாலும் அம்மாக்கள் வாயைத் திறக்கத் தயங்கினார்கள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நீர்க்கடுப்பைப் பற்றி யார் முதலில் பேசுவது? கடைசியில் வாய் திறந்தது எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி. பேத்தியை வளர்ப்பவர். "பிள்ள தண்ணி குடிக்காமச் சாகுது, இதுல என்ன வெக்கம்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

அன்று போட்ட தீர்மானத்தில் புதுக் கட்டடம் கேட்கவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு எழுதுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் என்ன கேட்டோம் என்று சொல்கிறேன். காலை ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை என்று இரண்டு வேளை கழுவ ஆள். அதற்கேற்ற சம்பளம் மாதந்தோறும். மோட்டார் காலையிலும் பதினொரு மணிக்கும் ஓட வேண்டும், அல்லது கழிவறைக்கென்று தனி டேங்க். உள்ளே குழாய், தாழ்ப்பாள், மூடிய தொட்டி. சத்துணவுப் பதிவேடு மாதிரி ஒரு பதிவேடு: இன்று கழுவப்பட்டதா, தண்ணீர் இருந்ததா, சோப்பு இருந்ததா. அதில் கையெழுத்துப் போடுவது ஆசிரியர் அல்ல, குழுவிலுள்ள ஒரு தாய். தாழ்ப்பாளும் குழாயும் ஊர்க்காரர்களே போட்டுவிட்டோம், மூட்டைகள் அடைந்து கிடந்த கழிவறையையும் காலி செய்தாயிற்று. மதியம் கழுவ ஆளுக்கும் சம்பளத்துக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு நிற்கிறது. "கழிவறை பழுதுபார்ப்பு என்று எழுதிக்கொடுங்கள், உடனே போட்டுவிடலாம்" என்கிறார்கள். பழுதுபார்ப்புக்குச் செலவுத் தலைப்பு இருக்கிறது, தினமும் இரண்டு வேளை கழுவுவதற்கு இல்லை. நாங்கள் மாற்றி எழுதிக்கொடுக்கவில்லை. நவம்பர் 1 கிராம சபையில் அதே வாசகத்தை மறுபடி வைக்கிறோம், துடைப்பத்துக்கும் கையுறைக்கும் விலைப்பட்டியல் இணைத்து.